ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்ட பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ரேடியோவில் சிற்றலையில் ஒரு வெளிநாட்டு நிலையம் ஜமைக்காப் பாட்டுகளைப் போடும். ரெகே என்று சொல்வார் அறிவிப்பாளர். பாதி வார்த்தை எனக்குப் புரியாது. ஆனால் அந்தத் தாளத்தின் அடி! நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது. ஒரு மூச்சு பொறுத்து அப்புறம்தான் விழும். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நிலக்கரி மைன்ஸில் அப்பாவோடு வேலை. பாட்டு ஆரம்பித்ததும் சுவரில் தடதடவென்று தட்டுவார். நான் சத்தத்தை இன்னும் கூட்டுவேன். காலேஜுக்குப் போனதும் கொழுப்பு ஏறிவிட்டது என்பாள் அம்மா.

அந்த ஞாயிறு அம்மா ஊருக்குப் போயிருந்தாள். விடியலிலிருந்து மழை. வாரம் முழுக்க நைட் ஷிப்ட் பார்த்த அப்பா, காலையில் வந்து காபி குடித்த கையோடு மறுபடியும் கிளம்பினார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவருடைய பகல் ஷிப்டைத் தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் காய்ச்சல்காரர் தூங்கட்டும் என்று மதியம் முன்ஜன்னலைச் சாத்தினேன், ரேடியோவைச் சன்னமாக வைத்துக் காதைக் கொடுத்தேன்.

எங்கள் பிளாக்கில் பகலில் முன்ஜன்னல் சாத்தியிருந்தால், நைட் ஷிப்ட் முடித்த ஆள் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வீட்டு முன்னால் பிள்ளைகள் பந்து விளையாடமாட்டார்கள். தலைபோகிற காரியம் என்றாலும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஜன்னலைத் திறந்தேன். தெரு முழுக்கப் பெண்கள், மழையில், மெயின் ரோட்டையே பார்த்துக்கொண்டு.

"என்னக்கா?" என்றேன் எதிர்வீட்டு அக்காவிடம்.

"மைன்ஸ்ல மழைக்கு மண்ணு சரிஞ்சிடுச்சாம்மா. பகல் ஷிப்ட் ஆளுங்க கொஞ்சம் பேரு அந்தப் பக்கம் மாட்டிக்கினு இருக்காங்களாம். நல்லவேள, உங்க அப்பா வூட்ல தூங்கிக்கினு இருக்காரு."

"அப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருக்காருக்கா."

அவள் முகம் செத்துப்போயிற்று. மைன்ஸிலிருந்து சைக்கிளில் ஒருவர் வீடு வீடாகத் தகவல் சொல்லிக்கொண்டு வந்தாராம். எங்கள் கேட்டிலும் கை வைத்தாராம். "அவரு தூங்கறாரு, எழுப்பாதீங்கன்னு நாங்கதான் அனுப்பிட்டோம்."

"என்ன சொல்ல வந்தாரு?"

"அத கேக்கலியேம்மா."

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? கேட்டில் கை வைத்தவரின் முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. ஷிப்ட் பஸ் வந்தால்தான் தெரியும் என்றார்கள். தூக்கமில்லாத கண்ணோடு அப்பா போன கோலம் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். "அது என் ஷிப்டுல்லா" என்றார். அவர் உயிரோடு என் முன்னால் நிற்பதே எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போங்கள் என்று கத்தினேன். அவர் போகவில்லை. எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நடுங்கினார்.

பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவரின் வீட்டுப் பெண்கள் ஓடினார்கள். இனி யாரும் இல்லை என்று தோன்றியபோது, இடுப்புவரை சேற்றோடு அப்பா இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரரைத்தான் முதலில் பார்த்தார், என்னைக்கூட அப்புறம்தான்.

"காய்ச்சலோட மழையில என்னத்துக்குய்யா நிக்கிற? உள்ள போ."

"அண்ணாச்சி" என்று அவர் வாய்விட்டு அழுதார். நானும்தான்.

அடுத்த ஞாயிறு ரேடியோவைத் தொடவே பயமாக இருந்தது. அப்பா பகல் ஷிப்டில் இருந்தார். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் தாண்டிச் சற்று நேரத்தில், சுவரில் தடதடவென்று தட்டும் சத்தம். பாட்டே இல்லாதபோது என்ன தட்டல்? கோபமாகத்தான் வெளியே போனேன். அவர் தன் வாசல்படியில் வந்து நின்றார்.

"பாட்டு வைம்மா," என்றார். "ஜன்னல நல்லாத் தொறந்து வச்சிட்டு வை."