சணல் சுற்றிய சைலன்சர்

என் காரின் புகைக்குழாயில் சணலைச் சுற்றிப் பசை தடவியவன் என் மனைவியின் தம்பி. கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. அந்த நாற்றம்தான் ஆறவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் மூக்கில் ஏறிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சின்ன வயதில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். பிறகு பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டினேன். பிறகு நான் உருட்டுவதை விட்டுவிட்டு ஆள் வைத்து உருட்டினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றை வாங்கி எங்கள் தெருவில் நிறுத்தினேன். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கார் அது. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாய் மூட்டைகளை அடுக்குவேன். வாரத்துக்கு ஆறு நாள் சுமை, ஏழாம் நாள் குடும்பத்தோடு கோயில். எந்தப் பட்டதாரி ஒரு காரிடம் இவ்வளவு வேலை வாங்குவான்?

குழாய் அத்தனையும் விஸ்வநத்தத்துப் பக்கம் இருந்த ஒரே ஒரு பட்டாசு கம்பெனிக்குத்தான் போகும். அந்த ஆர்டர் இருந்தால் நான் அண்ணாச்சி. போனால் மறுபடியும் குழாய் உருட்டுகிறவன்.

தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில் கார் கத்த ஆரம்பித்தது. முதலில் தொண்டை கட்டியவன் இருமுவது போல ஒரு கரகரப்பு. பிறகு கத்தல். அதற்கும் பிறகு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் டப், டப் என்று ஓலைவெடிச் சத்தம். உள்ளே உட்கார்ந்தால் கண் எரியும், தலை வலிக்கும். கோயிலுக்குப் போகிற வழியில் என் மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கதவோரமெல்லாம் வழிந்ததை நான்தான் கழுவினேன்.

வேறு ஊராக இருந்தால் கார்ச் சத்தம் வெறும் தொந்தரவு. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. டப் என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும். எங்கே, எது, ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கால் முதலில் ஓடும், புத்தி பின்னால் வரும். அப்படி ஓடியதால்தான் பலபேர் உயிரோடு இருக்கிறார்கள்.

அன்றைக்குக் கம்பெனி வாசலில் நான் வேகத்தைக் குறைத்தேன். கார் இரண்டு முறை வெடித்தது. அறைக்கு அறை பெண்கள் வெறுங்காலோடு வெளியே பாய்ந்தார்கள். முழங்கை வரைக்கும் வெடிமருந்து அப்பிக் கை வெள்ளி வெள்ளியாக இருந்தது. போர்மேன் மணல் வாளியோடு ஓடி வந்தார். வந்து பார்த்தால் நான்.

"அண்ணாச்சி, நாங்க உள்ள வெடி செய்யிறது பத்தாதுன்னு நீங்க வெளிய வெடிக்கீகளா?" என்றாள் ஒருத்தி.

"வெறுங்குழாய்தான கொண்டாருவாக? இப்ப மருந்தையும் அடைச்சே கொண்டாந்துட்டாக போல!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். வயதான ஒரு பெண் மட்டும் தரையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

போர்மேன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "மொதலாளி காதுல விழுந்துருச்சு. இன்னொருவாட்டி இந்தச் சத்தத்தோட வந்தா குழாய் ஆர்டரு வேற ஆளுக்குன்னுட்டாக. நான் சொல்லல அண்ணாச்சி, அவுக சொல்லச் சொன்னாக."

மறுநாளே விருதுநகருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெரிய ஒர்க்‌ஷாப். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். சட்டையில் ஒரு பொட்டு மசி இல்லை. பத்தடி தள்ளி நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார்.

"மொத்த செட்டும் போச்சு சார். முன்னாலருந்து பின்னால வரைக்கும் புதுசு போடணும்."

"குனிஞ்சு பாத்தீகளா?"

"சத்தத்துலயே தெரியுமே சார்."

அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம் போலிருந்தது. குனியாத முதுகுக்கா நான் பணம் கொடுப்பேன்? அவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்தேன்.

வீட்டில் என் மச்சினன் காத்திருந்தான். வேறொரு கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவன் அவன். சுற்றுவதில் சூரன், அதை நான் மறுக்க மாட்டேன்.

"அத்தான், வெடிக்கிற மருந்தையே சணலால கட்டிப்போடுறவன் நான். வெறும் பொகையக் கட்ட மாட்டனா? நகருங்க அங்கிட்டு."

காருக்கு அடியில் ஊர்ந்து போய் குழாயைச் சுற்றினான். சணல் ஒரு சுற்று, பசை ஒரு பூச்சு, மறுபடி சணல், மேலே வெள்ளிக் காகிதம். வெடிக்குச் சுற்றுகிற அதே சுற்று. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது, பாவி. இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. நான் ஏமாந்தேன் என்று எழுத மாட்டேன். சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். சிவகாசியைத் தாண்டும் முன்பே நாற்றம் எழுந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க எங்கள் பசையில் மயில்துத்தம் கலப்போம். மைதாவும் மயில்துத்தமும் சணலும் சேர்ந்து கருகினால் வருகிற நாற்றத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. செத்த எலியைத் தோசைக்கல்லில் போட்டது மாதிரி.

"பசை காயுது அத்தான். காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும்" என்றான்.

கம்பெனி வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் காலடித் தகட்டு இடுக்கு வழியாகப் புகை வந்தது. நிறுத்திக் குனிந்தேன். சணல் செக்கச்செவேலென்று, பற்றவைத்த திரி போலக் கனன்றுகொண்டிருந்தது. மேலே காகிதக் குழாய். எதிரே பட்டாசு கம்பெனி. மண்ணை அள்ளி அள்ளி வீசினேன். என் மச்சினன் என்ன செய்தான் தெரியுமா? மண்டியிட்டு வாயால் ஊதினான்.

"ஏலே, ஊதுனா எரியும்லே!"

"அணைக்கேன் அத்தான்!"

எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. நாற்றத்தாலா, அவன் மூஞ்சியைப் பார்த்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அணைந்த பிறகு காவலாளி வந்து நின்றார். "மூட்டைய எறக்கித் தலச்சுமையா கொண்டாங்க. கார் இந்தப் பக்கம் வரப்புடாது." உள்ளே போர்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "அடுத்த லோடுக்குள்ள சரி பண்ணிருங்க அண்ணாச்சி. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

அதற்கு மேல் எவனையும் நம்பவில்லை. நானே இறங்கினேன்.

விடிந்ததும், குழாய் குளிர்ந்திருக்கும்போதே, காரின் அடியில் படுத்தேன். கருகிய சணலைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். கையெல்லாம் கறுப்புப் பிசின். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சோற்றில் கை வைக்க எனக்கே அருவருப்பாக இருந்ததால், என் மனைவி பிசைந்து ஊட்டினாள். அவள் தம்பி செய்த வேலைக்கு அதையாவது செய்யட்டும்.

சைலன்சர் உருளையைக் கட்டையால் தட்டினேன். கணீரென்றது, துரு தின்றிருந்தால் அப்படி ஒலிக்காது. இஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கைச் சுருட்டி, புகை வெளியேறும் குழாய் வாயை அதனால் அடைத்துப் பிடிக்கும்படி மச்சினனிடம் சொன்னேன். வெளியேற வழியில்லாத புகை ஓட்டை இருக்கிற இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். அப்படியே ஆனது. முன்குழாய் உருளையோடு சேருகிற மூட்டில் புஸ்ஸென்று சீறியது. மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. வெறும் ஒரு சாண் குழாய் விரிசல். அதற்குத்தான் மொத்த செட்டாம்!

சரி, மூட்டு ஏன் விட்டது? பின்னால் போய்ப் பார்த்தேன். உருளையைத் தொங்கவிடும் ரப்பர் இல்லை. அந்த இடத்தில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. ரப்பர் இருந்தால் குழாய் ஆடும். கம்பி ஆடவிடாது. பள்ளத்துக்குப் பள்ளம் அடி முழுக்க மூட்டில் இறங்கியிருக்கிறது.

"ஏலே, இந்தக் கம்பிய எவம்லே கட்டுனது?"

அவன் ஆகாயத்தைப் பார்த்தான். "போன மாசம் தொங்குச்சு அத்தான். விழுந்துறப்புடாதேன்னு நாந்தான்... எம்புட்டு இறுக்கமா இருக்குன்னு பாருங்க, இன்னும் அசையல!"

நோயும் அவன் கொடுத்தது, வைத்தியமும் அவன் செய்தது.

வெல்டிங் பட்டறைக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பட்டறையில் முதல் கேள்வி என்ன கோளாறு என்பதல்ல, "மருந்து கிருந்து இருக்கா?" என்பதுதான். காரைக் கூட்டிப் பெருக்கி, நீர் தெளித்துத் துடைத்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்து, பேட்டரி வயரை எடுத்த பிறகே வெல்டிங் கம்பியைத் தொட்டார்கள். விரிசல் விட்ட துண்டை வெட்டினார்கள். பழைய இரும்புக்கடையில் நானே தேடி எடுத்த குழாயை வைத்துப் பற்றவைத்தார்கள். மூட்டுக்குப் புது பேக்கிங், பின்னால் புது ரப்பர். விருதுநகர்க்காரர் கேட்டதில் கால் பங்கு கூட ஆகவில்லை. மறுபடி ஈரச் சாக்கு வைத்தேன். சீறல் இல்லை. வழியெல்லாம் காலை எடுத்து எடுத்துப் பார்த்தேன். டப் இல்லை.

அடுத்த லோடுக்குக் கார் பூனை போல வாசலுக்குப் போனது. ஆனாலும் என் காரின் தலை தெரிந்ததுமே பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். போர்மேன் காதைத் தீட்டிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆர்டரு உங்களுக்குத்தான். ஆனா இனி வாசலுக்கு வெளிய இஞ்சினை அமத்திட்டு உள்ள தள்ளிக்கிட்டு வரணும்."

"எல்லாருமா?"

"உங்க காரு மட்டும்."

அம்பாசிடரைத் தள்ளியிருக்கிறீர்களா? சுமையோடு? நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். முன்னால், ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவன் என்று, என் மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்க அத்தான்!"

"பாத்து அண்ணாச்சி, மூச்சு வெடிச்சிறப் போகுது!" என்றாள், அன்றைக்கு முதலில் கேலி பேசிய அதே வாய்க்காரி.

அந்த சீசன் முழுக்க அப்படியே தள்ளினேன். தள்ளும்போது முகம் புகைக்குழாய்க்கு நேராக இருக்கும். எவ்வளவு தேய்த்தும், வெட்டாமல் விட்ட குழாயில் அந்தப் பசை நாற்றம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.