தம்பி பக்கம் வந்த ஷட்டில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரங்கம் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் தம்பியின் வயிற்றில் நான் முழங்கையால் ஓங்கி இடித்தேன். எந்த இடத்தில் தெரியுமா? நாலு வருடத்துக்கு முன்னால் நான் கொடுத்த கிட்னி இருக்கிற இடத்தில்.

சண்டையெல்லாம் இல்லை. பாட்மின்டன்தான்...

முதலிலிருந்து சொல்கிறேன். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கென்றே விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. மைசூரில் நடக்கப்போகிறது என்று தம்பி முரளிதான் வந்து சொன்னான். ஓட்டம், நடை, நீச்சல் எல்லாம் உண்டாம். உறுப்பு கொடுத்தவர்களும் சேரலாம். கொடுத்தவரும் பெற்றவரும் ஜோடியாக ஆடுகிற பாட்மின்டன் டபுள்ஸ்கூட இருக்கிறதாம்.

"நம்ம ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டேன்க்கா" என்றான்.

முரளிக்கு நாற்பத்தைந்து வயது. நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்டதால் நாங்கள் இருவருமே மைசூர்க்காரர்கள். கிட்னி பழுதாகி ஒன்றரை வருடம் டயாலிசிஸில் கிடந்தான். அவன் மனைவி ரேகாவின் கிட்னி பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. கொடுத்தேன். (இதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.)

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கூடிவிட்டது. காவல் வேலை! தண்ணீர் குடித்தாயா, மாஸ்க் போட்டாயா, கல்யாண வீட்டில் எதற்குச் சாப்பிட்டாய்? விஜயநகரில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. வசதியாகப் போயிற்று.

டாக்டர் அவனைப் பரிசோதித்து, தாராளமாக ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். நம் சொந்தக் கிட்னி முதுகுப் பக்கம், விலா எலும்பின் மறைவில் இருக்கிறது. ஆபரேஷனில் வைத்த கிட்னி அப்படியில்லை. வலது அடிவயிற்றில், மேலாகவே இருக்கும். எலும்புப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அடி படவே கூடாது.

போதாதா எனக்கு? மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பிராக்டிஸ் செய்யும்போது முரளி கோர்ட்டின் நடுக்கோட்டைக் காட்டி, இந்தப் பக்கம் வருவது உன்னுடையது, அந்தப் பக்கம் வருவது என்னுடையது என்று பிரித்துக் கொடுத்தான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

எப்படியோ அரையிறுதி வரை வந்துவிட்டோம். எதிரில் தார்வாடிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. அந்த அம்மா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கணவருக்குக் கொடுத்தவர். அன்று அங்கே நான் பார்த்த கொடையாளிகளில் அம்மாக்கள், மனைவிகள், அக்காக்கள்தான் கண்ணில் பட்டார்கள். ஆண்களைத் தேட வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு சண்டை வரும். விடுங்கள்.

பதினைந்து பாயின்ட் ஆட்டம். நாங்கள் பதினாலு, அவர்கள் பதின்மூன்று. இன்னும் ஒரே ஒரு பாயின்ட்!

அந்த மனிதர் ஷட்டிலை மெதுவாக நெட்டுக்குப் பக்கத்தில் தட்டிவிட்டார். முரளியின் பக்கம். முரளி முன்னால் பாய்ந்தான். எனக்குக் கண்ணில் பட்டது ஷட்டில் இல்லை... குனிந்த அவன் வயிறு, எதிரே நெட் கட்டிய இரும்புக் கம்பம். விழுந்துவிடுவான், கம்பத்தில் மோதிவிடுவான்! யோசிக்கவே இல்லை. மட்டையை நீட்டிக்கொண்டு நானும் பாய்ந்தேன்.

அவன் கம்பத்தில் மோதவில்லை. என் மேல் மோதினான்.

என் முழங்கை மெத்தென்ற எதிலோ ஆழமாக இறங்கியது. முரளி வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்த இடத்தின் அர்த்தம் தெரியும் இல்லையா? நிறையப் பேரின் கை, அவர்களை அறியாமலே தங்கள் வயிற்றுக்குப் போயிருந்தது.

போட்டிக்கென்று இருந்த டாக்டர் அழுத்திப் பார்த்தார். முரளிக்கு வலித்தது. உடனே ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் கூட்டம். அதற்குள் சிறுநீர் டெஸ்ட் செய்துவிடலாம் என்றார்கள். ரத்தம் கலந்திருந்தால் உள்ளே காயம் என்று அர்த்தம். சிக்கல் என்னவென்றால், அவனுக்குச் சிறுநீர் வரவில்லை. வியர்த்துக் கொட்டியதாலா... இல்லை கிட்னி நின்றுவிட்டதா? நர்ஸ் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் ரேகா உட்கார்ந்திருந்தாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

தார்வாட் தம்பதியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். "நீரு குடீரி ஸார், நீரு குடீரி" என்று அவர் முரளிக்கு டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் சில்லென்றிருந்தது. முக்கால் மணி நேரம், ஒரு மனிதனுக்குச் சிறுநீர் வருமா என்று நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

வந்தது. டெஸ்ட்டில் ரத்தம் இல்லை. பிறகு ஸ்கேனிலும், கிட்னிக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது, மேலே தசையில்தான் அடி என்றார்கள். சாயங்காலம் வரை படுத்திருக்கட்டும், ரெண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றார் டாக்டர். ரேகா அப்போதுதான் அழுதாள்.

ஃபைனல் மூன்று மணிக்கு. நாங்கள் பாதியில் விலகியதால் தார்வாட் ஜோடிதான் ஆட வேண்டும். அவர்களோ கிளம்புகிற வழியாக இல்லை. முரளி படுத்தபடியே அதட்டி அனுப்பிவைத்தான்.

ரேகா மருந்து வாங்கப் போனாள். நானும் அவனும் மட்டும்.

"மன்னிச்சுடுடா. நீ விழுந்துடுவியோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"அது யாரோட ஷாட்க்கா?"

"உன்னோடதுதான்."

"நாலு வருஷமா என்னோட எல்லா ஷாட்டுக்கும் நீதான் ஓடி வர்ற." என் பக்கம் திரும்பினான். "நீ கொடுக்கலேன்னா நான் இல்ல. அதை எப்பவும் மறக்க மாட்டேன். ஆனா இந்தக் கிட்னி இப்ப என்னோடதுக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். வராண்டாவுக்கு வந்து நின்றேன்.

கொடுத்தேன், கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேனே... கையை எடுத்தேனா? கல்யாணம் செய்துகொடுத்த மகள் வீட்டுச் சமையலறையில் போய் உப்புப் பார்க்கிறோம். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பிரேக் போடுகிறோம். பிரியம்தான், இல்லையென்று யார் சொன்னது? சில சமயம் அதற்கு முழங்கையும் இருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் பழையபடியே இருந்தது. தார்வாட் ஜோடி ஃபைனலில் தோற்றுவிட்டார்களாம். போன் செய்து சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அடுத்த போட்டிக்கும் என்னைத்தான் பார்ட்னராகச் சேர்த்திருக்கிறான் முரளி. அதனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கோர்ட்டில் கடும் பயிற்சி செய்கிறேன்... நின்ற இடத்தில் நிற்பதற்கு!