கடல் மேல் நின்றவர்

புத்தகத்தைத் திறக்காமலேயே புத்தக வாரம் கொண்டாடுவதில் எங்கள் பள்ளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மலேசியாவில் போர்டிக்சன் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி அது. வருஷா வருஷம் அட்டை போடும் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி, ஒரு நீண்ட உரை, கடைசியில் ஆளுக்கொரு தட்டு மீகூன். எனக்கு அலுத்துவிட்டது. போன வருஷம் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நீங்களே ஒரு புத்தகம் செய்ங்க. எவ்ளோ பெருசா வேணும்னாலும் செய்ங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதுதான் தாமதம். எந்த அட்டையும் அவர்களுக்குப் போதவில்லை. சபை கூடும் சிமெண்டுத் தரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்கொரு பக்கம் என்று சுண்ணக்கட்டியால் எழுதித் தள்ளினார்கள். பள்ளி வேனில் திருட்டுத்தனமாக ஏறி, சி ரூசாவுக்குக் கடல் பார்க்கப் போகும் ஓர் உடும்பின் கதை. பாய் அகலத்துக்கு எழுத்துகள். நொண்டி ஆடுவதுபோல் சொல்லுக்குச் சொல் குதித்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. அவள் அம்மா சி ரூசாவில் ஒரு ஹோட்டலில் அறை துடைப்பவர். பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் போதும், உதடு ஒட்டிக்கொள்ளும். "இது தேறாது" என்று ஆசிரியர் அறையில் சொல்லி முடித்துவிட்டார்கள். அவள் குதித்தாள். ஒரு குதிக்கு ஒரு சொல். நம்பாமல் மறுபடியும் குதிக்கச் சொன்னேன். படித்தாள்!

"நாளைக்கு எங்கம்மாவ வரச் சொல்லட்டா டீச்சர்?" என்று கேட்டாள். மறுநாள் சனிக்கிழமை, பெற்றோர் வரும் நாள்.

"கையோட கூட்டிட்டு வா" என்றேன்.

அன்று சாயங்காலமே பெற்றோர் சங்கத் தலைவர் வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். லாரி வைத்திருக்கும் மனிதர், பள்ளிக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவர். "எழுத்துங்கிறது சரஸ்வதி, டீச்சர்! பிள்ளைங்கள விட்டு மிதிக்க விடுறீங்களே, வெளங்குமா?"

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனாலும் சுர்ரென்று ஏறிவிட்டது. "விஜயதசமிக்கு அரிசியில ‘அ’ எழுத வைக்கிறோமே, அந்த அரிசிய என்ன பண்றோம்? ஆக்கித் திங்கலயா? வயித்துக்குள்ள போனா குத்தமில்ல, காலுக்குக் கீழ வந்தா குத்தமா?"

அவருக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியையைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே, "எனக்கு ஏன்லா இந்த வம்பு. காலையில தண்ணியடிச்சுக் கழுவிடச் சொல்றேன்" என்றார்.

கழுவிவிட்டால் அந்தத் தாய் எதைக் கேட்பார்? வழக்கம்போல "உங்க பிள்ள தேறாது" என்பதையா?

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போனேன். தளத்தை ஒட்டிய குழாயின் திருகைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தோட்டக்காரர் தேடினார். "காணோமா? அடடா!" என்றேன். அவர் என் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டியூபைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

பெற்றோர்கள் வந்து தளத்தைச் சுற்றி நின்றார்கள். அந்தத் தாயும் ஹோட்டல் சீருடையோடு வந்து ஓரமாக நின்றார். தலைவர் மறுமுனையில் கையைக் கட்டிக்கொண்டு, "யாரும் கால் வைக்கப்படாது, சொல்லிட்டேன்!" என்றார். ஒருவரும் அசையவில்லை.

அந்தப் பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ படி" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. அவள் சப்பாத்தைக் கழற்றினாள். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குதித்தாள். "உடும்பு." குதித்தாள். "ஒருநாள்." குதித்தாள். "வேனில்." கட்டம் கட்டமாகப் பக்கம் நகர்ந்தது. அவள் சொல்லச் சொல்ல அந்தத் தாயின் உதடுகளும் கூடவே அசைந்தன.

கடைசிக் கட்டம். "அது... பார்த்தது..." என்று வந்தவள் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் தலைவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க. கடல் மேல நிக்கிறீங்க."

மனிதர் குனிந்து பார்த்தார். வந்ததிலிருந்து சப்பாத்துக் காலோடு அந்தச் சொல்லின் மேல்தான் நின்றிருக்கிறார். "ஐயையோ" என்று துள்ளி விலகினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் குதித்து, "கடல்" என்று படித்து முடித்தாள்.

அந்தத் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். யாரையும் கேட்கவில்லை. வேலைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முதல் கட்டத்தில் போய் நின்றார்.

"வாடி," என்றார் மகளிடம். "எனக்கும் சொல்லிக் குடு."