எழுபது பவுண் புகைபோக்கி

பத்து வயதில் நான் ஒரு புகைபோக்கி கூட்டுபவரோடு தொலைபேசியில் பேரம் பேசியிருக்கிறேன். பேசித் தோற்றும் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் லண்டனில் மோர்டன் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய வீடு. முன்னறையில் கரி போட்டு எரிக்கும் கணப்பு ஒன்று இருந்தது. வீட்டை விற்ற கிழவர் பின்பக்கக் கொட்டிலில் மூன்று மூட்டை கரியை விட்டுவிட்டுப் போயிருந்தார். சும்மா கிடைத்த கரி சும்மா கிடப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. ஆனால் சாவியைத் தரும்போதே கிழவர் சொல்லியிருந்தார்: புகைபோக்கியைக் கூட்டாமல் நெருப்பு மூட்டாதீர்கள், உள்ளே அடைத்திருந்தால் புகை அறைக்குள் திரும்பும், தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சொல் போதுமாக இருந்தது.

வீட்டில் ஆங்கிலத்துக்குப் பொறுப்பு நான். கவுன்சில் கடிதம், காஸ் பில், பல் வைத்தியர் எல்லாம் என் வாயால்தான் நடந்தன. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் லண்டனில் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்காது என்று உறுதியாக நம்பியிருந்த காலம் அது. உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். எழுபது பவுண் என்றார் அந்த மனிதர். ஒரேயொரு ஓட்டைதானே, கொஞ்சம் குறையுங்கள் என்றேன். ஓட்டை ஒன்றுதான், ஆனால் அது முப்பது அடி நீளம் என்றார்.

பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நின்றார்.

"கூட்டுறதுக்கு எழுபதோ? எழுபது பவுணுக்கு நான் எத்தினை மணித்தியாலம் நிக்கோணும் தெரியுமோ?"

அப்போதுதான் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணை, விடுங்கோ. நான் கூட்டுறன். கிணத்துக்குள்ள இறங்கிச் சேறு அள்ளினவனுக்கு உது ஒரு வேலையோ?"

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமாக எங்களோடு இருந்தார். அவரைப் பற்றி எனக்கு அப்போது தெளிவான ஓர் அபிப்பிராயம் இருந்தது: சோம்பேறி. அப்பா வேலைக்குப் போனார், அம்மா வேலைக்குப் போனார், நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போனோம். சித்தப்பா மட்டும் வீட்டில் இருந்தார். சோறு வைத்தார், எங்களைப் பள்ளியால் கூட்டி வந்தார், தபால்காரன் வரும் நேரம் யன்னலடியில் நின்றார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரயிலேறி எங்கேயோ கையெழுத்து வைக்கப் போய் வந்தார். அது என்ன கையெழுத்து என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். பிள்ளைகளுக்கு முன்னால் கேஸ் கதைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த ஞாயிறு பழைய சாமான் சந்தையில் அப்பா எட்டுப் பவுணுக்கு ஒரு கட்டுத் தடியும் வட்டமான பெரிய பிரஷ் ஒன்றும் வாங்கினார். ஒவ்வொரு தடியின் நுனியிலும் பித்தளைத் திருகு. ஒன்றோடொன்றைத் திருகிக்கொண்டே மேலே தள்ள வேண்டும். சித்தப்பா அம்மாவின் பழைய சேலையால் கணப்பின் வாயை மூடி, ஓரமெல்லாம் பிளாஸ்டர் ஒட்டி, நடுவில் ஒரு துளை விட்டுத் தடியைச் செலுத்தினார். அவ்வளவு கவனமாக ஒரு மனிதர் வேலை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிரஷ் கூரைக்கு மேலே வந்ததும் சத்தம் போட வேண்டிய முக்கியமான பதவி எனக்குத் தரப்பட்டிருந்தது. நான் றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியின் வாயில் ஒரு கறுப்புத் தலை மெல்ல எழும்பிற்று.

"தெரியுது! சித்தப்பா, தெரியுது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளே சித்தப்பாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வெற்றியைக் கொண்டாட, தடியை இரண்டு பக்கமும் சுழற்றியிருக்கிறார். வலப்பக்கம் சுழற்றினால் திருகு இறுகும். இடப்பக்கம் சுழற்றினால் கழலும். அவர் கீழே இழுத்தபோது பாதித் தடிதான் வந்தது. மீதித் தடியோடு பிரஷ் கூரையிலேயே நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று பார்க்கச் சித்தப்பா சேலையை விலக்கித் தலையை உள்ளே விட்டார். புகைபோக்கி அதுவரை பிடித்து வைத்திருந்த புகைக்கரி முழுவதும் அவர் மேலும், அம்மாவின் புதுச் சோபா மேலும், சுவரில் இருந்த சரஸ்வதி மேலும் இறங்கியது.

அம்மா வாசலில் வந்து நின்றார். ஏசவில்லை. கறுப்பாய்ப் போன அறையையும், கண் மட்டும் வெள்ளையாய் இருந்த சித்தப்பாவையும் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்தாளுக்குப் போன் அடி" என்றார்.

நான் மறுபடி தொலைபேசியை எடுத்தேன். இந்தமுறை பேரம் பேசவில்லை. கூட்டுவதற்கு எழுபது, மற்றவர்கள் விட்ட பிரஷை எடுப்பதற்கு இருபத்தைந்து என்றார். ஒரு கிழமை கழித்துத்தான் வர முடியுமாம். அந்த ஒரு கிழமையும் பிரஷ் எங்கள் கூரையில் நின்றது. பள்ளியால் வரும்போது தம்பிக்குப் பெருமை, எனக்கு வெட்கம். சித்தப்பா அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். கரி படிந்த ஆளை எதிர்பார்த்திருந்த எனக்கு அவர் காலில் இருந்த சுத்தமான சப்பாத்து ஏமாற்றமாக இருந்தது. தன் தடிகளின் நுனியில் ஒரு சுருள் கம்பியைப் பூட்டி மேலே அனுப்பினார். வலது தோளில் நோவு என்று முகம் சுளித்தார். சித்தப்பா கேட்காமலே போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டுத் தடியைப் பிடித்துக்கொண்டார். அவர் கையால் காட்டினார், இவர் திருப்பினார். வலப்பக்கம், எப்போதும் வலப்பக்கம். ஒரு பாஷையும் இல்லாமல் இருவரும் வேலை செய்தார்கள். பிரஷ் கீழே வந்து விழுந்தபோது இரண்டு பேரும் ஒரேநேரத்தில் சிரித்தார்கள். சித்தப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கைகளைத் துடைத்தபடி அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டார். தன்னோடு வேலை செய்த பையன் விட்டுப் போய்விட்டான், தோளும் சரியில்லை, உன் சித்தப்பாவுக்கு நல்ல கை, என்னோடு வருவாரா, நியாயமான சம்பளம் தருவேன் என்று கேள் என்றார்.

நான் சொன்னேன். சித்தப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா இருக்கிறாரா என்று குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

"ஏலாது எண்டு சொல்லு பிள்ளை."

"ஏன் ஏலாது?"

"சும்மா சொல்லு. ஏலாது."

ஏன் என்று வெள்ளைக்காரரும் கேட்டார். காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "அவருக்கு வேலை செய்ய விருப்பமில்லை" என்று என் மிகத் திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தடிகளைக் கட்டத் தொடங்கினார். அம்மா வந்ததும் தொண்ணூற்றைந்து பவுணை வாங்கி, சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்து, அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை அப்பா கரியை மூட்டினார். முன்னறை நன்றாகச் சூடானது. சித்தப்பா தலையிடி என்று மேலே போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் ஒரு தடித்த கடிதம் வந்தது. அம்மா அழுதார், அப்பா ஆட்களுக்கெல்லாம் போன் அடித்தார். அந்த வாரமே சித்தப்பா ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். விடிய நாலு மணிக்கு எழும்பிப் போனார். மழையிலும் போனார், காய்ச்சலோடும் போனார்.

"சித்தப்பா திருந்திட்டார், என்னம்மா" என்றேன் நான்.

அம்மா கறியைக் கிளறுவதை நிறுத்தினார். "வேலை செய்யக் கூடாது எண்டு குடிவரவுக்காரங்கள் அவற்ற கார்டில அடிச்சுக் குடுத்திருந்தவங்கள் பிள்ளை. அகதிக் கேஸ் முடிஞ்சு விசா வருமட்டும் ஒரு நாள் செய்து பிடிபட்டாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். நாலு வருசம் எங்கட சோத்தைத் தின்னுறன் எண்டு அந்தாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏன், உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புகைபோக்கிக்காரரிடம் நான் சொன்னதை அம்மாவிடம் சொல்லவுமில்லை. சித்தப்பாவும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ளுமளவுக்கு அப்போதே அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். கேட்டதில்லை.