ஜகதாம்பாளுக்கு ஒரு நிமிஷம்

பேசத் தொடங்கும் முன் இளவேனில் வலது காலின் பெருவிரலைத் தரையில் ஒருமுறை அழுத்துவாள். கடையில் சோப்பு கேட்பதானாலும் சரி, மேடையில் மைக்கைப் பிடிப்பதானாலும் சரி, முதலில் அந்த விரல், பிறகுதான் வாய். தையல் மிஷினின் பெடலை மிதித்து மிதித்து வந்த பழக்கம் என்று அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்த எனக்கு அது அப்படியில்லை என்று தெரியும். அவள் மிஷினில் உட்காருவதற்குப் பல வருஷங்கள் முன்பே அந்த விரல் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

நான் அதை முதலில் கவனித்தது தொண்ணூற்றொன்று டிசம்பரில். காவிரித் தகராறில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் சந்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று அம்மா எங்களையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தாள். இளவேனிலின் அப்பா முனிரத்தினம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வேலைக்குப் போகமுடியாமல் கதவுக்குப் பின்னால் ஏணியைச் சாய்த்துவைத்துக்கொண்டு அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. தமிழ் வெளியில கேட்டுது, அவ்ளோதான்" என்றார்.

ஒன்பது வயது இளவேனிலால் கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது. விரலை அழுத்தினாள். உதடு மட்டும் அசைய, மூச்சு விடாமல், கிசுகிசுவென்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அலமாரியில் இருந்த பாத்திரங்கள், சந்தில் திரியும் நாய்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒரு தாளத்தில் போயின.

"இன்னாடி பண்றே? பேசாதேன்னு சொன்னேன்ல?"

"பேசலப்பா. வேகமாப் போறேன். வேகமாப் போனா இன்னா பாஷைன்னு யாருக்கும் தெரியாது."

ஏணியில் சாய்ந்திருந்த முனிரத்தினம் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நாட்களில் அந்த வீட்டில் பெரியவர்கள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கதவுகள் திறந்தன. பயம் மெல்ல வடிந்தது. அவளுடைய வேகம் மட்டும் வடியவில்லை. அதற்கு அடுத்த இடம் தெருக்குழாய். எங்கள் குழாயில் வரிசைக்கு நிற்பது ஆட்கள் இல்லை, குடங்கள். காலையிலேயே குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் வரும்போது, யார் குடம் எங்கே இருந்தது என்று வழக்கு நடக்கும். தமிழும் கன்னடமும் கலந்து நடக்கும் அந்த வழக்கில் இளவேனில் தன் அம்மாவின் வக்கீல். ஒரு வரி தமிழில் ஏசினால் அடுத்த வரி கன்னடத்தில், தாளம் தப்பாமல் வரும். ஏச்சு வாங்கியவர்களே சிரித்துவிட்டுக் குடத்தை நகர்த்துவார்கள். கோபமாக ஆரம்பித்த ஒன்று எப்படி எல்லோரும் கேட்க விரும்புகிற ஒன்றாக மாறுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பக்கத்துச் சந்தில் இருந்த ரெமிஜியஸ் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார். கீபோர்டும் அவரே, கணக்கும் அவரே. கணபதி பண்டிகை, கன்னட ராஜ்யோத்சவம், கல்யாணம் என்று எதற்கும் வருவார். அந்தச் சமயத்தில் சினிமாப் பாட்டுகளின் நடுவே படபடவென்று பேசுகிற துண்டுகள் வரத் தொடங்கியிருந்தன. அவருடைய பாடகர்கள் பல்லவியை உருகி உருகிப் பாடிவிட்டு அந்தத் துண்டு வந்ததும் மூச்சு வாங்கினார்கள். ஒருநாள் குழாயடியில் இளவேனிலைக் கேட்டவர் நேராக முனிரத்தினத்திடம் வந்தார்.

"அண்ணா, உங்க பொண்ணைக் குடுங்க."

"இன்னாய்யா சொல்றே?"

"அய்யோ, மேடைக்குண்ணா! அந்த ஸ்பீடு பிட்டுக்கு மட்டும்."

பதினாறு வயதில் அவள் வேலை அதுதான். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிற்பாள். துண்டு வரும்போது முன்னால் வந்து பொரிந்துவிட்டு மறுபடி பெட்டிக்குப் பின்னால் போய்விடுவாள். ரெமிஜியஸ் அவளை ஸ்பீடு என்றே கூப்பிட்டார். தான் செய்வதற்கு ராப் என்று பெயர் இருப்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது, "பேரு சின்னதா இருக்கே" என்றாளாம். ஆனால் அவள் பொரிந்ததெல்லாம் மற்றவர்கள் எழுதியது. சொந்தமாகக் கட்டியது குழாயோடு நின்றிருந்தது.

பியூசி முதல் வருஷத்தோடு, அதாவது பதினொன்றாவதோடு, படிப்பை நிறுத்திவிட்டுப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். சட்டைக்குக் காலர் வைக்கிற லைன். பக்கத்து மிஷினில் ஜகதாம்பாள். வாணியம்பாடிப் பக்கத்துக்காரி, நாற்பதை நெருங்கியவள், அதிகம் பேசாதவள். லைனில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், கண் ஊசிமேல்தான் இருக்கவேண்டும், வேறு எங்கும் போகக்கூடாது என்று. இளவேனிலின் கண் ஊசியில் இருந்தது. வாய் மிஷினோடு ஓடியது. சத்தத்துக்குள் சத்தம் என்பதால் யாருக்கும் கேட்காது. ஜகதாம்பாளுக்கு மட்டும் கேட்டது.

"குழாய்க்குப் பாட்டு இருக்கு, பஸ்ஸுக்குப் பாட்டு இருக்கு. இந்த மிஷினுக்கு ஒண்ணும் இல்லையாடி?" என்று கேட்டாள் ஒருநாள்.

"வரும்க்கா."

இரண்டாயிரத்து இரண்டு கணபதி பண்டிகைக்கு, இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் மூன்று நிமிஷம் தருவதாக ரெமிஜியஸ் சொன்னார். சொந்தச் சரக்கு, எங்கள் சொந்தத் தெருப் பந்தலில். கமிட்டிக்காரர்களுக்கு இஷ்டமில்லை. பொம்பளைப் பிள்ளை மைக்கில் ஏசுவதற்கா வசூல் பண்ணியிருக்கிறோம் என்றார் செயலாளர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். ஆறரைக்கு மைக் பார்க்கும்போது அவள் பந்தலில் நின்று ஒருமுறை சொல்லிக்காட்ட வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு. முனிரத்தினம் சொன்னது ஒன்றுதான்: "பாடு. ஆனா யாரையும் பேரு சொல்லித் திட்டாதே."

அன்று மத்தியானம் முழுக்க அவள் அந்த மூன்று நிமிஷத்தை மிஷினில் ஓட்டிப் பார்த்தாள். வார்த்தை வேகம் பிடித்தபோது காலும் பிடித்தது. வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். காலரின் தடித்த முனையில் ஊசி படீரென்று உடைந்தது.

கார்மெண்ட்ஸில் ஊசி உடைவது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டுக்குப் போகிற சட்டை. உள்ளே ஒரு முனை தங்கிப்போய் யார் கழுத்திலாவது குத்தினால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். துண்டு கிடைக்காவிட்டால் அந்த மிஷின்காரி வெளியே போகமுடியாது. இளவேனிலுக்கு அடித்துண்டு கிடைத்தது. நடுத்துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை.

"சூஜி எல்லி?" என்று வந்து நின்றார் சூப்பர்வைசர். "ஊசி எங்கம்மா? துண்டு சிக்காம யாரும் மனைக்குப் போறதில்ல."

பின்னாலிருந்து ஒருத்தி, "பாட்டுக்காரிக்கு இன்னிக்குக் கச்சேரி இங்கதான்" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சுவர்க் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியது. இளவேனில் தரையில் குந்தி, அழுகையை அடக்கிக்கொண்டு, ஊசித்துண்டு தேடுகிற காந்தத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜகதாம்பாள் எழுந்து வந்தாள். இளவேனிலின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சார், ஊசி ஒடைச்சது நானு. இவ மிஷின் இழுக்குதுன்னு சொன்னா, ஓட்டிப் பார்த்தேன். என் பேருல எழுதிக்குங்க."

"நீயா ஜகதாம்பா? நீ ஒடைச்சதே இல்லியே!"

"இன்னிக்கு ஒடைச்சேன். நல்ல நாளு சார்."

சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் எழுதிக்கொண்டார். ஜகதாம்பாள் குனிந்து, "போடி, பஸ்ஸைப் புடி. அழுதுட்டே பாடாதே, தொண்டை கட்டிக்கும்" என்றாள்.

மைக் பார்ப்பதற்கு இளவேனில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தாள். அதுவரை ரெமிஜியஸ் கீபோர்டில் வயர் கழன்றுவிட்டது என்று சொல்லி வயரைத் தேடிக்கொண்டிருந்தார். கழன்ற வயர் அவர் பையிலேயே இருந்தது. செயலாளர் முன்னால் அவள் ஒருமுறை சொல்லிக்காட்டினாள். அவர், "திட்டு ஏதும் இல்ல, சரி" என்றார்.

விநாயகர் பாட்டு, கன்னடப் பாட்டு, அப்புறம் ஒரு சினிமாப் பாட்டு. பிறகு அவள் பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்து மேடையின் நடுவில் நின்றாள். விரல் அழுந்தியது. நான் முதல் வரிசையில் இருந்தேன், பார்த்தேன்.

"தண்ணி வருமுன்னே குடம் வருது
குடம் வருமுன்னே சண்டை வருது
சண்டைக்கு முன்னே பேச்சு வருது
பேச்சுக்கு முன்னே நான் வர்றேன்
தாரி பிடு! வழிய விடு! தாரி பிடு!"

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அடியே, இது நம்ம கொழாயிடி!" என்றது. அவ்வளவுதான். குழாயடியில் வழக்காடிய அத்தனை பேரும் தங்கள் குடத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். இரண்டாவது முறை "தாரி பிடு" வந்தபோது பந்தலே சொன்னது. கன்னட வீட்டுக்காரர்களும் சொன்னார்கள், தமிழ் வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். ரெமிஜியஸ் கையை ஆட்டி டிரம்ஸ்காரரை நிறுத்தாமல் ஓட்டவைத்தார். மூன்று நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. செயலாளரே, "இன்னொரு தரம்" என்று சீட்டு எழுதி அனுப்பினார். முனிரத்தினம் கடைசி வரிசையில் நின்றபடி, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊசி முனை அன்று ஏழு மணிக்குமேல் கிடைத்ததாம். தரையெல்லாம் தேடி, காலர் எல்லாம் பிரித்து, கடைசியில் சூப்பர்வைசரின் செருப்படியில் குத்தியிருந்தது. மறுநாள் காலை ஜகதாம்பாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இளவேனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இன்னாக்கா வேணும்? எதுன்னாலும் கேளுங்க."

"என்மேல ஒரு பாட்டு கட்டு. மூணு நிமிஷம்லாம் வேணாம், ஒரு நிமிஷம் போதும்."

"அவ்ளோதானா? இந்த வாரமே கட்டறேன்."

அதன் பிறகு அவளுக்கு நல்ல காலம்தான். ஆர்கெஸ்ட்ராவில் தனியாக நேரம் கிடைத்தது. கல்லூரி விழாக்களில் கூப்பிட்டார்கள். ரெமிஜியஸ் ஒரு அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்துப் பதிவு செய்த குறுந்தகடு, ஆட்டோக்களில் ஓடியது. ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கன்னடத்தில் குரல் கொடுத்தாள். இரண்டாயிரத்து ஐந்தில் கார்மெண்ட்ஸை விட்டாள். முனிரத்தினம் வெள்ளையடிக்கப் போகிற வீடுகளில் மகளைப் பற்றி அவராகச் சொல்வதில்லை. யாராவது கேட்கும்வரை அவள் பாட்டை முணுமுணுப்பார்.

ஜகதாம்பாள் பாட்டு மட்டும் பாக்கி நிற்கிறது. கட்டாமல் இல்லை. ஒன்று கட்டி டீ நேரத்தில் சொல்லிக்காட்டினாள். நூலும் காலரும் பெடலுமாக நன்றாகத்தான் இருந்ததாம். ஜகதாம்பாள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இது மிஷின் பாட்டு. நான் எங்கடி?" என்றாள். அடுத்தது அந்த ஊசி உடைந்த கதை. "அது உன் கதை. நான் நடுவுல வந்து போறேன்." மூன்றாவதை, வேலையை விட்ட பிறகு, போனில் சொன்னாள். அதில் ஜகதாம்பாள் தியாகி, தாய், தெய்வம். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டதாம்.

"அஞ்சு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்று இளவேனில் என்னிடம் சொன்னாள். "அவங்க கை தெரியும். அவங்க தையல் தெரியும். மூஞ்சைச் சரியாப் பார்த்ததே இல்ல. கண்ணு ஊசிமேலயே இருந்துச்சு."

எனக்கும் அது உறைத்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். எதிர்வீட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். எவ்வளவு தெரிந்தால் ஒருத்தியை எழுதலாம்? ஒரு பெருவிரல் தெரிந்தால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் பொம்மனஹள்ளிக்குப் போனேன். ஜகதாம்பாள் இப்போது அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் இருக்கிறாள், பக்கத்திலேயே வீடு. வீடு பூட்டியிருந்தது. தெருமுனையில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், சைக்கிள் கடை வாசலில் கேரம் போர்டு. மூன்று ஆண்கள். நான்காவதாக, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலை ஸ்டூலில் மடித்துவைத்து, ஜகதாம்பாள். ஸ்ட்ரைக்கரை வைத்தாள். சுண்டினாள். சிவப்புக் காய் குழிக்குள் விழுந்தது. அதற்குத் துணையாக ஒரு வெள்ளையையும் உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இன்னாங்க மேஸ்திரி, வீட்டுக்குப் போய்க் கொழம்பு வைங்க, போங்க" என்றாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பது இளவேனிலுக்குத் தெரியாது.

எங்களைப் பார்த்ததும் கையை அசைத்தாள். ஆட்டத்தை விட்டு எழவில்லை.

இளவேனில் நின்றுகொண்டே பார்த்தாள். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கியது. அவள் கால் விரல் மண்ணில் அழுந்தியது. நான் காத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. விரல் எழுந்து, மறுபடி அழுந்தியது.

"பார்த்துட்டியாடி?" என்று பவுடரைப் பலகையில் தட்டிக்கொண்டே கேட்டாள் ஜகதாம்பாள். "எங்க என் ஒரு நிமிஷம்?"

"வரும்க்கா."

"வரும் வரும். நீ குந்து. இவங்களை முடிச்சுட்டு வர்றேன்."

சைக்கிள் கடைக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். இளவேனில் அதில் உட்கார்ந்தாள், ஜகதாம்பாளின் முகம் தெரிகிற பக்கமாக.