ராணிக்கு அப்புறம்தான்

எங்கள் நாய் ராணிக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வேளையும் இன்சுலின் போடுவேன்.

"நாய்க்கு ஊசியா?" என்று, சுரங்கத்தில் வேலை பார்க்கும் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் பிளாக் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கெஞ்சியும் கேட்காமல் தினமும் க்ரீம் பிஸ்கட் போட்டார். சர்க்கரை ஏறி ராணிக்குக் கண்பார்வை போனது. உனக்கும் சர்க்கரை வரும்டா என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

வந்தது. போன மாதம் காலையில் இன்சுலினோடு என் வாசலில் நின்றார்.

"எனக்கு நானே குத்திக்க பயமா இருக்குங்க. போட்டுவிடுங்க, மைன்ஸ் பஸ் போயிடும்."

"ராணிக்கு முடிச்சிட்டு வர்றேன்."

வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். அவர் குரல் கேட்டதும் ராணி தட்டுத்தடுமாறிப் போய், பிஸ்கட்டுக்காக அவர் கையை முகர்ந்தது. அவர் அழுதுவிட்டார்.

நறுக்கென்று குத்தத்தான் நினைத்திருந்தேன். வலிக்காமல் போட்டேன். ஆனால் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் தினம் காலையில் அவர் வாசலில் காத்து நிற்க வேண்டும், ராணிக்கு அப்புறம்தான் அவருக்கு.