பெண், வயது எட்டு, இடது கால்

என் தம்பிக்கு இடது கால் வராது. மூன்று வயதில் நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அது விட்டபோது காலில் இருந்த பலமும் போயிருந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அதற்காக அவன் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தவன் இல்லை. இடது கையைத் தொடைமேல் ஊன்றி அழுத்திக்கொண்டு, பட்டாபிராமில் எந்தத் தெருவானாலும் எனக்கு முன்னால் போவான்.

நைனா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்துக்குச் சல்லி போட்டுக் கெட்டிக்கும் வேலை. ரயில்வேக்காரர் பிள்ளைகளுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் இனாமாகச் செய்து தருகிறார்கள், அதைப் போட்டால் கையை எடுத்துவிட்டு நடக்கலாம் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். ஆபீசிலிருந்து ஓர் உத்தரவுக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' ஒரு வருஷம் பிடித்தது. உலகச் சண்டைக் காலம். நைனாவுக்கு லீவு கிடையாது. அம்மாதான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சிப்பாய்கள் நிரம்பிய ரயிலில் நின்றபடியே பட்டணத்துக்குப் போய்வருவாள். காகிதங்கள் மழையில் நனையாமலிருக்க ஒரு தூக்குச் சட்டிக்குள் இருக்கும். அதைத் தூக்கிப் போகிறவள் நான்.

ஆபீஸ் குமாஸ்தா முதலில் பிறப்புச் சீட்டு கேட்டார். கிராம முன்சீப்பிடம் நடையாய் நடந்து வாங்கிப் போனோம். தம்பிக்குப் பேர் வைக்கும் முன்பே பதிந்தது என்பதால் அதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"இது இந்தப் பையன்தான்னு எப்படித் தெரியும்?" என்றார் குமாஸ்தா.

"பெத்தவ நான் சொல்றேனே சாமி."

"நீ சொன்னா ஆச்சாம்மா? காயிதம் சொல்லணும்."

அப்புறம் நைனாவின் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும் என்றார். வாங்கிப் போனால் அது பென்சிலில் இருக்கிறது, மையில் வேண்டும் என்றார். மையில் வாங்கிப் போனபோது குமாஸ்தாவே மாறியிருந்தார். புதியவர் ஒரு விண்ணப்ப பாரத்தை எடுத்து வைத்து, வீட்டில் எத்தனை பிள்ளைகள், பேர் என்ன, வயது என்ன என்று மறுபடி ஆரம்பித்தார். அம்மா வழக்கம்போல மூத்தவளான என்னிலிருந்து தொடங்கினாள். அவர் குனிந்தபடியே எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நைனா அதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்பா, உன் பொண்ணுக்கும் கால் சரியில்லையா?"

"இல்லீங்களே. பையனுக்குத்தான்."

"இதுல பொண்ணுன்னு போட்டிருக்கு. வயசு எட்டு. இடது கால் ஊனம். பேரும் இவ பேருதான்."

திருத்த வேண்டுமானால் முன்சீப் சீட்டிலிருந்து எல்லாம் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நைனா விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காயிதத்துல பொண்ணுன்னுதானே கீது? பொண்ணே நொண்டட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் நைனா.

"நெஜத்த ஒரு வருசமா சொல்லிக்கினுதான் இருந்தேன். யாரு கேட்டாங்க?"

எனக்கு நொண்டச் சொல்லித் தந்தவன் தம்பி. எங்கள் வீட்டில் அந்த வித்தை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தது அதுவே முதல் தடவை. அதனால் ரொம்பக் கண்டிப்பாக இருந்தான். "கால மொதல்ல வைக்காத அக்கா. கைய ஊனு. ஒடம்பு இந்தப் பக்கம் சாயணும். அப்பால கால் தானா வரும்." நான் தப்பாக நொண்டினால் தலையில் அடித்துக்கொண்டு தானே எழுந்து நடந்து காட்டினான். மூன்று நாளில் தேறிவிட்டேன். ஆட்டத்தில் சேர்ந்ததுபோல எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இருந்த குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார். நான் நொண்டுவதைப் பார்த்தார். சீல் குத்தி உள்ளே அனுப்பினார். உள்ளே தலை நரைத்த டாக்டர் ஒருவர் என்னை மேசைமேல் உட்கார வைத்து, ஒரு சின்னச் சுத்தியலால் என் முட்டியில் தட்டினார். யாரைக் கேட்டதோ, என் கால் துள்ளி எழுந்தது. மறுபடி தட்டினார். மறுபடி துள்ளியது. நான் அதைக் கையால் பிடித்து அமுக்கினேன்.

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்க அக்கா நல்லா நொண்டுச்சு இல்ல? நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அம்மா அவன் வாயைப் பொத்தினாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், தம்பியின் தொங்கிய காலைப் பார்த்தார். பிறகு என்னை இறக்கிவிட்டு, அவனைத் தூக்கி மேசைமேல் வைத்து, நாடாவால் தொடையையும் கெண்டைக்காலையும் பாதத்தையும் அளந்தார். அளவுகளையெல்லாம் என் பேருக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாப்பா, வாசல் கேட்டு தாண்டுற வரைக்கும் நொண்டிக்கிட்டே போ" என்றார்.

அடுத்த மாதம் பூட்ஸ் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் வீசியபடி தம்பி ஸ்டேஷன் வரைக்கும் நடந்ததை நைனா தண்டவாளத்தோரம் நின்று பார்த்தார். கால் வளர வளரப் புது பூட்ஸ் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் போய் நொண்டினேன்.

ஆனால் அந்த முதல் நாள், கேட்டைத் தாண்டியும் நான் நிறுத்தவில்லை. எதிரே வந்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பாவம் என்று உச்சுக்கொட்டினாள். எனக்கு உற்சாகம் கூடி, இன்னும் சாய்ந்து, இன்னும் அழுத்தி நொண்டினேன். அம்மா தம்பியை இறக்கிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. "நேரா நட" என்றாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முட்டியிலிருந்து பாதம் வரை அழுத்தித் தடவியபடியே வந்தாள். டாக்டர் கண்டுபிடிக்கும்படி நொண்டியதற்குத்தான் அடித்தாள் என்று நினைத்தேன்.

"அடுத்த தடவ டாக்டருக்கே தெரியாத மாரி நொண்டுறேம்மா."

"நான் இன்னும் நல்லா சொல்லித் தரேன்" என்றான் தம்பி.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கள் இருவர் மேலும் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, ஆவடி வரும்வரை நாங்கள் வாயைத் திறக்கவில்லை.